களனிவெளிக் கோச்சியும் கணக்கில் வராத மக்களும்

கொழும்பு மருதானையிலிருந்து புறப்படும் களனிவெளிப் புகையிரதம் நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை, பாதுக்கை ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரம் வளைந்தும் நெளிந்தும் ஓடி, அவிசாவளையில் நின்றுவிடுகின்றது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. ஆனால் அதற்கப்பால் மக்கள் இருக்கின்றார்கள். இரத்தினபுரி என்ற பெரிய மாவட்டம் இருக்கின்றது. அம்மாவட்டத்தின் எந்த மூலையிலும் இன்று ஒரு புகையிரதம் ஓடவில்லை. கேகாலை மாவட்டத்தின் வடபுறத்தை ரம்புக்கனை வழியாகக் கண்டிப் பாதை தொட்டுச் செல்வது உண்மையே. ஆயினும் அம்மாவட்டத்தின் தென்புறத்திலுள்ள யட்டியாந்தோட்டை, தெகியோவிற்ற, தெரணியகலைத் தோட்டங்களுக்கு அப்பாதையால் விளையும் பயன் யாதுமில்லை.

ஒரு காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. அவிசாவளையிலிருந்து இரு கிளைகள் பிரிந்து சென்றன. ஒன்று யட்டியாந்தோட்டைக்குச் சென்றது. மற்றொன்று எகலியகொடை, குருவிட்டை வழியாக இரத்தினபுரியை அடைந்து, அதற்கும் அப்பால் காவத்தையைக் கடந்து ஓப்பநாயக்கவில் முடிந்தது. இந்த இரண்டு கிளைகளும் இன்று இல்லை. ஏன் வந்தன, ஏன் போயின, போனபோது யாரைக் கேட்டுப் போயின என்ற வினாக்களை நாம் இன்று எழுப்புகின்றோம். பழங்கதை பேசிப் பொழுது போக்குவதற்காக அன்று. அவிசாவளைக்கு அப்பால் மீண்டும் பாதை போடவேண்டும் என்ற பேச்சு அரசாங்கத்துக்கு அரசாங்கம் எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றது. அப்பேச்சு என்றாவது ஒருநாள் செயலாகுமானால், முன்னர் நடந்த பிழை மீண்டும் நடக்கக்கூடாது என்பதே எமது கவலை.

பாதை வந்த வரலாறு

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. 1867 இல் அப்பாதை கண்டியை எட்டியது. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அது போடப்பட்டது என்பதை எவரும் மறுக்கார். கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபோது களனிப் பள்ளத்தாக்கின் காடுகளும் தோட்டங்களாயின. அந்நாளில் அங்கு விளைந்த பொருள்கள் மாட்டு வண்டியிலும், களனி கங்கையில் ஓடிய படகுகளிலும் கொழும்புக்கு வந்தன. இரத்தினபுரிப் பகுதியிலிருந்து களுகங்கை வழியாகப் படகுகள் களுத்துறைக்குச் சென்றன. ஆற்றில் வெள்ளம் வந்தால் படகு நிற்கும்; மழையில் பாதை சேறானால் வண்டி நிற்கும். தேயிலைப் பெட்டி நனைந்தால் துரைமாருக்கு நட்டம். ஆகவே துரைமார் சங்கம் புகையிரதம் கேட்டது. துரைமார் கேட்டது அந்நாளில் கிடைக்காமற் போனதுண்டா?

1900 ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கியது. 1902 இல் அவிசாவளைக்கும், 1903 இல் யட்டியாந்தோட்டைக்கும் வண்டி ஓடியது. 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓப்பநாயக்கவுக்கும் பாதை நீண்டது. இடையே ரப்பர் வந்தது. பிரேசில் நாட்டு விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1876 இல் ஹெனரத்கொடைக்குக் கொண்டுவரப்பட்ட கன்றுகளின் சந்ததி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிவெளியையும் சப்ரகமுவக் குன்றுகளையும் மூடிப் பரந்தது. தேயிலை, ரப்பர், காரீயம் ஆகிய மூன்றுமே இப்பாதையின் பிள்ளைகள் என்று சொன்னாலும் பொருந்தும். பெற்றோர் என்று சொன்னாலும் பொருந்தும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டிப் பாதையின் அகலம் ஐந்தரை அடி. களனிவெளிப் பாதைக்கு ஆட்சியாளர் அளந்து கொடுத்த அகலம் இரண்டரை அடி. செலவைச் சுருக்குவதற்காகக் குறும்பாதை. மலையைக் குடையாமல், மேட்டைச் சுற்றி, பள்ளத்தை ஒட்டி, வளைவின் மேல் வளைவாக அதை அமைத்தார்கள். அதன் பெட்டிகள் பிரதான பாதையில் ஓடமாட்டா. பிரதான பாதையின் பெட்டிகள் அதில் ஓடமாட்டா. பொருளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றவேண்டும். வேகமும் குறைவு, சுமையும் குறைவு. பிற்காலத்தில் இப்பாதை "இலாபம் தரவில்லை" என்று தீர்ப்பளித்தவர்கள், பிறக்கும்போதே காலைக் குறுக்கிக் கட்டிய குழந்தை ஓடவில்லையே என்று குறை கூறியவர்களாவர்.

சாமானுக்குச் சுதந்திரம், மனிதனுக்குத் துண்டு

அப்பாதையிலே தேயிலைப் பெட்டி சுதந்திரமாகப் பயணஞ் செய்தது. அத்தேயிலையைக் கிள்ளியவளும், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவனும் அவ்வாறு பயணஞ் செய்ய முடிந்ததா?

அந்நாளில் தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தது என்று எழுதிய துண்டு கையில் இல்லாமல், ஒரு தோட்டத்துத் தொழிலாளியை மற்றொரு தோட்டம் ஏற்காது. கடனோ தீராது; ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன், அதை அடைக்க இன்னொரு கங்காணி. இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921 ஆம் ஆண்டில். யட்டியாந்தோட்டைக்கு வண்டி வந்து பதினெட்டு ஆண்டுகள், இரத்தினபுரிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள், ஓப்பநாயக்கவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, அப்பாதையருகே வாழ்ந்த தொழிலாளி தன் விருப்பப்படி இடம் மாறும் உரிமையைப் பெற்றான். அதுவரை லயத்துக்குக் கீழே கோச்சி கூவிச் செல்லும். அவன் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

பிற்காலத்தில் அக்கோச்சி அவனுக்கும் உரியதாயிற்று. திருவிழாவுக்குப் போனார்கள், பெண் கொடுத்த தோட்டத்துக்குப் போனார்கள், சங்கக் கூட்டத்துக்குப் போனார்கள், வைத்தியசாலைக்குப் போனார்கள். ஆனால் இப்பாதையின் கணக்கேட்டில் அவன் எந்நாளும் முதலிடம் பெற்றதில்லை. பெட்டிக்குப் பின்னரே மனிதன் எழுதப்பட்டான். இதுவே இவ்வரலாற்றின் மூலக் குற்றம் என்பது எமது துணிபு.

1942

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 ஆம் ஆண்டில், அவிசாவளை முதல் யட்டியாந்தோட்டை வரையிருந்த பாதை மூடப்பட்டது. போர்த் தேவைக்கென்று தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்கும் பேரிடமாக இலங்கை ஆயிற்று. மரம் பட்டாலும் படட்டும், பாலை வெட்டு என்று கட்டளை பிறந்தது. களனிவெளித் தொழிலாளி மரத்தையும் வெட்டித் தன்னையும் வருத்திப் பால் கொடுத்தான். போருக்கு ரப்பர் கொடுத்த பள்ளத்தாக்கிலிருந்து போருக்காகத் தண்டவாளமும் போயிற்று. போர் 1945 இல் முடிந்தது. தண்டவாளம் திரும்பி வரவில்லை.

போர்க்காலத்தில் போனது திரும்பி வராது என்பது இயற்கை நியதியா? தமிழ்நாட்டைப் பார்ப்போம். மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 1928 இல் ஒரு கிளைப்பாதை திறக்கப்பட்டது. ஏலக்காய் மலையின் அடிவாரத்துப் பாதை அது. அதன் தண்டவாளமும் அதே 1942 இல் போருக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. போர் முடிந்து நாடு விடுதலை பெற்றபின், 1950களின் முற்பகுதியில் அப்பாதை மீண்டும் போடப்பட்டது. பின்னர் 2010 ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதையாக்கும் பொருட்டு மூடப்பட்டபோது, இனி வராது என்று சோர்ந்தவர் பலர். ஆண்டுகள் பல சென்றன. எனினும் 2022 இல் தேனிக்கும், 2023 இல் போடிக்கும் வண்டி வந்து சேர்ந்தது. ஒரே ஆண்டில் பெயர்க்கப்பட்ட இரு மலையடிவாரப் பாதைகளில் ஒன்று இரு முறை உயிர்த்தெழுந்தது; மற்றொன்று புதையுண்டு போயிற்று. போடிப் பாதையோரத்து மக்கள் வாக்குரிமை உள்ள மக்கள் என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யட்டியாந்தோட்டைக்கு மேலே, களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலையில், 1957 இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலம் என்ற ஆங்கிலத் திரைப்படத்துக்காக ஒரு புகையிரதப் பாலம் கட்டினார்கள். கட்டிய பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உலகமெங்கும் மக்கள் அதைக் கண்டு வியந்தார்கள். உண்மையான புகையிரதத்தை இழந்த பள்ளத்தாக்கு, பொய்யான புகையிரதத்தால் புகழ் பெற்றது!

எழுபதுகளின் தீர்ப்பு

யட்டியாந்தோட்டைக் கிளை போனபின்னரும் இரத்தினபுரி, ஓப்பநாயக்கப் பாதை மேலும் முப்பது ஆண்டுகளுக்கு ஓடியது. 1970களின் நடுப்பகுதிக்குள் அதுவும் மூடப்பட்டது. சில காலம் ஹோமாகமைக்கு அப்பாலேயே வண்டி இல்லை என்ற நிலையும் இருந்தது. எழுபதுகளின் இறுதியில் அவிசாவளை வரை மட்டும் மீண்டும் விட்டார்கள். 1990களில் அப்பகுதி அகலப்பாதையாக்கப்பட்டது. ஆனால் பழைய குறும்பாதையின் வளைவுகளையே பெரிதும் பின்பற்றியதால், அகலம் வந்தும் வேகம் வரவில்லை.

மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: நட்டம். இக்காரணத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட விரும்பவில்லை. வரிப்பணம் வீணாகக்கூடாது என்பதில் எமக்கும் உடன்பாடே. ஆனால் கணக்குச் சரிதானா என்று பார்ப்பது எமது உரிமை.

முதலாவதாக, லொறி ஓடும் தெருவைப் போட்டுச் செப்பனிடுவது அரசாங்கம். அச்செலவு லொறிக்காரர் கணக்கில் எழுதப்படுவதில்லை. புகையிரதத் திணைக்களமோ தண்டவாளம், பாலம், நிலையம், சமிக்ஞை, கடவைக் காவலாளி ஆகிய அனைத்தின் செலவையும் தானே சுமக்கின்றது. ஒருவன் தலையில் மூட்டையை வைத்து, மற்றவனை வெறுங்கையோடு விட்டு, இருவரையும் ஓடவிட்டு, மூட்டை சுமந்தவன் தோற்றான் என்று பறைசாற்றுவது என்ன நீதி?

இரண்டாவதாக, 1958 இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. அதன்பின் பஸ்ஸும் அரசாங்கத்தினது, புகையிரதமும் அரசாங்கத்தினது. வலது கை இடது கையோடு போட்டியிட்டது. இரண்டையும் இணைத்து, தோட்டத்திலிருந்து நிலையத்துக்குப் பஸ், நிலையத்திலிருந்து நகருக்குப் புகையிரதம் என்று ஒழுங்கு செய்திருந்தால், கணக்கு வேறாக இருந்திருக்கும்.

மூன்றாவதாக, "இலாபம் இல்லாத கிளையை வெட்டு" என்பது அக்காலத்தில் உலகமெங்கும் பரவியிருந்த நோய். பிரித்தானியாவில் 1963 இல் வெளியான பீச்சிங் அறிக்கை ஆயிரக்கணக்கான மைல் பாதையையும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களையும் மூடச் சொன்னது. கிளையை வெட்டினால் மரம் தழைக்கும் என்றார்கள். வெட்டியபின், கிளைகளிலிருந்து வந்த பயணிகளை அடிமரமும் இழந்தது. ஸ்கொட்லாந்தின் எல்லைப்புற மக்கள் 1969 இல் இழந்த பாதையின் ஒரு பகுதியை 2015 இல் மீண்டும் பெற்றார்கள். நோயைப் பரப்பிய நாடே மருந்து தேடிக்கொண்டது. நாம் நோயை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

இவையெல்லாம் கணக்கு. கணக்குக்கு அப்பால் ஒரு கேள்வி உண்டு. தீர்ப்பு எழுதப்படும்போது பாதிக்கப்படுவோரின் வாக்குமூலம் கேட்கப்பட்டதா? வழக்கொன்றில் எதிர்த்தரப்பைக் கேளாமல் எழுதிய தீர்ப்பு நில்லாது என்பது நீதியின் அரிச்சுவடி.

அப்பொழுது தோட்ட மக்களின் நிலை யாது? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. உண்ண உணவின்றி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்த ஆண்டுகளிலேதான் சப்ரகமுவையின் புகையிரதமும் போயிற்று. பாதையோரத்துத் தோட்டத்துத் தாய் ஒருத்தி, "ஐயா, கோச்சியை நிறுத்தாதீர்கள்" என்று சொல்ல நினைத்திருந்தாலும், யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்? அவளுக்குப் பிரதிநிதி இல்லை. அவள் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. பெயர் இல்லாதவளின் பயணம் கணக்கில் வருமா?

அப்போது ஆட்சியில் இருந்தது ஐக்கிய முன்னணி. 1970 முதல் 1975 வரை போக்குவரத்து அமைச்சர் இடதுசாரித் தலைவர் லெஸ்லி குணவர்தன. நிதி அமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா; யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியும் அவரே. களனிவெளித் தொழிலாளர் மத்தியில் சங்கம் வளர்த்த கட்சியின் தலைவர்கள் இவர்கள். இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எமது நோக்கமன்று. தொழிலாளியின் தோழர்கள் அமைச்சரவையில் இருந்த காலத்திலேயே இவ்வாறு நடந்ததென்றால், வாக்கில்லாத மக்களுக்கு நண்பர்களின் நல்லெண்ணம் மட்டும் காவலாகாது என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். உரிமை கையில் இருந்தால் பகைவனும் கேட்பான். உரிமை இல்லாவிடில் நண்பனும் மறப்பான்.

இழந்தது என்ன?

சட்டத்தொழில் புரிவோர் அறிந்த காட்சி ஒன்றைச் சொல்கின்றோம். காவத்தைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்திலிருந்து இரத்தினபுரி நீதிமன்றத்துக்கு வருபவன் விடியுமுன் எழுந்து, தோட்டத்துப் பாதையில் மைல் கணக்கில் நடந்து இறங்கி, பஸ்ஸுக்குக் காத்து நின்று, ஒன்பது மணிக்குள் மன்றத்தில் நிற்கவேண்டும். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் அன்றைய சம்பளமும் போயிற்று. பயணச் செலவும் போயிற்று. அடுத்த தவணைக்கு மீண்டும் அதே பாடு. தவணைக்கு வர முடியாமையால் நியாயத்தை இழந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம். பிரசவ வேதனையில் துடிப்பவளுக்கும், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க நகரப் பாடசாலையை நாடும் பிள்ளைக்கும் இதே கதைதான். மலிவான, நேரந்தவறாத, மழைக்கும் ஓடும் ஒரு வண்டி ஏழையின் கையில் இருப்பது, சட்டப் புத்தகத்தில் பத்து உரிமைகள் எழுதியிருப்பதற்குச் சமம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1977 இலும், 1981 இலும், 1983 இலும் சப்ரகமுவைத் தோட்டங்களில் தமிழர் தாக்கப்பட்டார்கள், லயங்கள் எரிந்தன. உயிர் தப்பியோரில் பலர் வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர். இரண்டு தலைமுறைக்கு முன் இவர்களுடைய பாட்டன்மார் தலைமன்னார் வழியாகப் புகையிரதம் ஏறி வந்தார்கள். இவர்களோ ஊர் விட்டு ஓடும்போது, தம் ஊரிலிருந்து ஏறுவதற்குப் புகையிரதமும் இல்லாமல் ஓடினார்கள்.

வடக்கிலுள்ள வாசகர்கள், குறிப்பாக எமது விவசாயப் பெருமக்கள், "இது எமக்கென்ன?" என்று எண்ணலாகாது. 1990 இல் யாழ்தேவி நின்றபோது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் எப்பாடு பட்டன என்பதை நீங்கள் அறிவீர்கள். லொறிக்காரன் சொன்னதே கூலி, தரகன் சொன்னதே விலை என்று தவித்த ஆண்டுகள் அவை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஒக்டோபரில் வண்டி யாழ்ப்பாணம் வந்தபோது மக்கள் நிலையத்தில் திரண்டார்களே, அம்மகிழ்ச்சியின் பொருள் உங்களுக்குத் தெரியும். சப்ரகமுவை மக்கள் அம்மகிழ்ச்சிக்காக அரை நூற்றாண்டாகக் காத்திருக்கின்றார்கள். 1952 இல் சீனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் ரப்பர் கொடுத்து அரிசி வாங்கி இந்நாடு உண்டது. அந்த அரிசியில் எத்தனை பிடி, களனிவெளியிலும் சப்ரகமுவையிலும் பால் வெட்டியவனின் வியர்வையில் வெந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இனிச் செய்யவேண்டியவை

"அழிந்துபோன பாதையை மீண்டும் போடுவது ஆகுமா?" என்று கேட்பாருக்கு வடபாதையே விடை. போரினால் தண்டவாளமும் பாலமும் நிலையமும் இல்லாதொழிந்த பாதை, இந்திய உதவியோடு மீண்டும் போடப்பட்டது. ஆகாதது ஒன்றுமில்லை, மனமே வேண்டும். ஆனால் எவ்வாறேனும் பாதை வந்தால் போதும் என்று நாம் சொல்லமாட்டோம். நான்கு காரியங்களை இப்பொழுதே வற்புறுத்துகின்றோம்.

முதலாவது, தோட்ட மக்களைக் கணக்கில் எழுதவேண்டும். சாத்திய ஆய்வு என்று எது செய்யப்பட்டாலும், பயணிகள் தொகையை நகரங்களின் சந்தியில் நின்று மட்டும் எண்ணலாகாது. தோட்டந்தோறும் சென்று, மக்கள் எங்கே போகின்றார்கள், எதனால் போகாமலிருக்கின்றார்கள் என்று கேட்கவேண்டும். வசதி இல்லாமையால் போகாதவனைப் "பயணி அல்லன்" என்று ஒதுக்குவது பழைய பிழையின் மறுபதிப்பு. நிலையங்களின் இடத்தைத் தீர்மானிக்கும்போது தோட்டங்களின் இருப்பிடமும் பார்க்கப்படவேண்டும்.

இரண்டாவது, நிலையத்துக்கு வரும் வழி. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இருந்தபடியால், தோட்டத்துக்குள் ஒரு வீதியைச் செப்பனிடப் பிரதேச சபை பணம் செலவிட முடியாமல் முப்பது ஆண்டுகள் சென்றன. 2018 இல் செய்த திருத்தம் அத்தடையை நீக்கியது. சட்டம் திறந்த கதவின் வழியே நுழைவது உறுப்பினர்களின் கடமை. தோட்டப் பாதை குண்டும் குழியுமாகக் கிடந்தால், கீழே பொன்னாலே தண்டவாளம் போட்டாலும் மேலேயுள்ளவனுக்கு அது கானல் நீரே.

மூன்றாவது, பழைய பாதை நிலத்தில் குடியிருப்போர். அரை நூற்றாண்டில் அந்நிலத்தில் வீடு கட்டி வாழ்வோர் உளர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களுள் இருப்பர். அரச காணியில் எத்தனை காலம் இருந்தாலும் ஆட்சியுரிமை பிறக்காது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிச் சட்டத்தின் கீழ் வெளியேற்ற அறிவித்தல் வந்தால், எழுத்திலான அரச அனுமதியைக் காட்டுவதன்றி வேறு எதிர்வாதத்துக்கு மன்றத்தில் இடமும் இல்லை. சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதனாலேயே நீதி முந்திக்கொள்ளவேண்டும். கட்டாய இடப்பெயர்வு பற்றி 2001 இல் அமைச்சரவை ஏற்ற தேசியக் கொள்கை மாற்று வீடும் ஈடும் தரவேண்டும் என்கின்றது. ஓர் ஏழைக்குப் பாதை கொடுக்க மற்றோர் ஏழையைத் தெருவில் விடுவதை நாம் ஒருபோதும் ஆதரியோம். மாற்று வீட்டின் திறப்பைக் கையில் கொடுத்தபின்னரே பழைய வீட்டின் சுவரில் கை வைக்கவேண்டும்.

நான்காவது, வெள்ளம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்ததையும் மண்சரிவில் மக்கள் மாண்டதையும் நாடறியும். கண்ணை மூடிக்கொண்டு மண்ணை உயர்த்திப் போடும் பாதை நீரை மறிக்கும் அணையாகிவிடலாம். நீர் போக வழிவிட்டு, சரியும் மலைச்சாரலை விலக்கி, வெள்ளத்தில் தெருக்கள் மறிபடும்போதும் ஓடக்கூடிய பாதையாக அதை அமைக்கவேண்டும். ஆற்றின் குணத்தை அறிந்த பழைய ஊர் மக்களை எஞ்சினியர்மார் கேட்பதால் அவர்கள் பட்டம் குறைந்துவிடாது.

இவற்றை யார் கேட்பது? முன்னர் வாக்கில்லை, வாயுமில்லை. இன்று அந்நிலை மாறியிருக்கின்றது. 1988 ஆம் ஆண்டின் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் சட்டமும் நாடற்றோர் என்ற இழிவை நீக்கின. தோட்டத்துத் தமிழன் இன்று இந்நாட்டின் பிரசை, வாக்காளன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவன் கையிலும் இருக்கின்றது. அவிசாவளைக்கு அப்பாலான பாதை பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகள் யாவை, அவற்றில் தோட்ட மக்கள் எண்ணப்பட்டனரா, பழைய பாதை நிலத்தின் வரைபடம் எங்கே, அதில் எவ்வளவு பிறருக்குக் கொடுக்கப்பட்டது என்று ஒரு கடதாசியில் தமிழிலே எழுதி, உரிய தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். பதினான்கு வேலை நாள்களுக்குள் அவர் தீர்மானம் சொல்லவேண்டும். தோட்டத்து ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள், சங்கத் தலைவர்கள், எமது இளஞ் சட்டத்தரணிகள் ஆகியோர் முன்வந்து இக்கடதாசியை எழுதிக் கொடுக்கவேண்டும். மேடையில் முழங்கும் பத்துப் பேச்சுக்களைக் காட்டிலும், ஒழுங்காக எழுதிய ஒரு விண்ணப்பம் அதிகாரியின் உறக்கத்தைக் கலைக்கும்.

ஒப்பந்தங்களால் இந்நாட்டைவிட்டுப் போக நேர்ந்தவர்களுள் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968 இல் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அந்நீலகிரியில், 1899 இல் குன்னூருக்கும் 1908 இல் உதகைக்கும் ஏறிய மலைப் புகையிரதம் இன்றும் ஓடுகின்றது; 2005 இல் அது உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. நட்டம் என்று அதை எவரும் கழற்றிவிடவில்லை. சப்ரகமுவையில் தங்கிய உறவினனோ, தன் பாதை புதரில் மறைந்து கிடப்பதைக் காண்கின்றான்.

களனிவெளிக் கோச்சியைப் பெட்டிக்காகக் கொண்டுவந்தார்கள். பெட்டி லொறியில் ஏறியதும் கொண்டுபோனார்கள். வந்தபோதும் போனபோதும் மனிதனை எண்ணவில்லை. மீண்டும் ஒருமுறை அது வருமாயின், அவிசாவளையிலிருந்து புறப்படும் முதல் வண்டியில் சாமானுக்கு முன் மனிதன் ஏறவேண்டும். அதற்கு அவன் இன்றே தன் பெயரைக் கணக்கில் எழுதுவிக்கவேண்டும். எழுதுவிக்கும் பணியில் அவனோடு நிற்பது, படித்த தமிழர் ஒவ்வொருவரின் கடனாகும்.